ஒன்பதைக் கூப்பிடாத குறை

தம்பிதுரையின் கோழிக்குஞ்சு வேன் சரவணம்பட்டியில் நின்றுபோனது. ஆடி மழை, ஆளைத் தள்ளும் காற்று. முந்தின நாள் பொரிந்த குஞ்சுகள் அட்டைப்பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கின. உக்கடத்திலிருந்து சாமான் வந்து வேன் கிளம்பச் சாயங்காலம் ஆகும் என்றார் மெக்கானிக். அதுவரை தாங்காது. தம்பிதுரை பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தங்கை மகள் ரித்திகாவின் மாடி அறைக்கு ஓடினார்.

அங்கே கம்ப்யூட்டர்கள் வரிசையாக நின்று, ஒரு பெரிய எண் பகா எண்தானா என்று நாள்கணக்கில் வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தச் சூட்டில் கீழ்வீட்டு சாந்தாமணி ஜன்னலோரம் அப்பளத்தை நீட்டிப் பொரித்துக்கொள்வார். எண்ணெய் வேண்டியதில்லை.

குஞ்சுகள் இறக்கை விரித்துக் கண்ணயர்ந்தன. அந்த நேரம் பார்த்து மிஷின்கள் எல்லாம் அடங்கின.

"முடிஞ்சுதுங்க மாமா. எதுலயுமே வகுபடலை. பகா எண்ணேதான்" என்றாள் ரித்திகா, முகமெல்லாம் சிரிப்பாக.

"சந்தோசம் அம்மணி. ரூம்பு ஆறுதே. எல்லா நம்பரையும் வெச்சுப் பாத்துட்டியா?"

"எல்லாம் வேண்டாங்க மாமா. மூணுல வகுபடலைன்னா ஒம்பதுலயும் வகுபடாது. அதனால ஒம்பது, பதினஞ்செல்லாம் பாக்கறதில்லை. வர்க்கமூலத்துக்கு மேலயும் போறதில்லைங்க. பெருசு ஒண்ணு வகுத்தா, அதுக்கு ஜோடியா சிறுசு ஒண்ணு முன்னாடியே சிக்கியிருக்கும்."

தம்பிதுரைக்குத் திடுக்கென்றது.

"அப்பனுக்குப் பத்திரிகை வெச்சுப்போட்டு, தனிக்குடித்தனம் போன பையனை உட்டுப்போடுவமா? ஒம்பது என்ன நெனைக்கும் கண்ணு?"

"ஒம்பது ஒண்ணும் நெனைக்காதுங்க மாமா."

"வெளிய சொல்லாது. மனசுல வெச்சிருக்கும்."

தேவையில்லாத ஒரு வகுத்தலைக்கூட மிஷினுக்குக் கொடுக்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருப்பவள் ரித்திகா. பெட்டியைப் பார்த்தாள். ஒரு குஞ்சு மறுபடி நடுங்கத் தொடங்கியிருந்தது.

"சரிங்க மாமா. எல்லாத்தையுமே கூப்பிட்டுப்போடறேன்."

ஒன்பது வந்தது. பதினைந்து வந்தது. விட்டுப்போன எண்களெல்லாம் வரிசை கட்டி வந்து முட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தன. அந்த எண் யாருக்கும் அசைந்து கொடுக்கவில்லை. அறை கொதித்தது. சாயங்காலம் வேன் வந்தபோது ஒரு குஞ்சுகூடக் குறையவில்லை. சூடு தாராளமாகக் கிடைத்ததில் இரண்டுக்குக் கொண்டையே முளைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை தம்பிதுரை குலதெய்வம் கோயிலுக்குப் போய் அந்த எண்ணின் பேரில் அர்ச்சனை வைத்தார். அவர் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல, பூசாரி பிசகாமல் திருப்பிச் சொல்லிப் பூப்போட்டார்.

"குடும்பத்துல வேற ஆரு பேராச்சும் சேத்தோணுங்களா?"

"அதை வகுக்கறதுன்னு பாத்தா அதுவும் ஒண்ணாம் நம்பரும் மட்டுந்தானுங்க. வேற நாதியில்லை. ஆனா என்ர குஞ்சுகளுக்கு அது பெத்த தாயிங்க."

பூசாரி ஒன்றாம் நம்பரின் பேரையும் சேர்த்துச் சொல்லி, அதற்கென்று தனியாக ஒரு தேங்காய் உடைத்தார்.