வட்டத்துக்குள் நின்ற சூரியன்

புதூர்நாட்டுக்கு மேலே, புளியமரங்கள் முடிகிற மேட்டில் இருந்த சூரிய ஆய்வு நிலையத்துக்குத் திரௌபதி வந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. 1984, மார்ச் முதல் வாரம்.

நிலையத்தின் வேலை இதுதான். வெளியே மேடையில் இருக்கும் பெரிய கண்ணாடி சூரியனோடு கூடவே திரும்பி, வெளிச்சத்தை இருட்டறைக்குள் அனுப்ப வேண்டும். அங்கே வெள்ளைப் பலகையில் ஒரு தட்டு அகலத்துக்குச் சூரியன் விழும். அது அசையாமல் நின்றால்தான் படம் எடுக்க முடியும். கண்ணாடியைத் திருப்பும் மோட்டார்களுக்குக் கட்டளையிட ஒரு கம்ப்யூட்டர். அதற்குப் புரோகிராம் எழுத மூன்று பேர். முன்பு தலைவராக இருந்தவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அவருடைய நாற்காலியில்தான் சந்தவாசல்காரியான திரௌபதியை உட்கார வைத்திருந்தார்கள்.

அன்று காலை அவள் உள்ளே நுழைந்தபோது, குழுவில் இளையவளான ரஞ்சிதம் சுவரோடு ஒட்டி நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"நகல் எடுத்தேன் மேடம். பிளாப்பியை மாத்திப் போட்டுட்டேன். காலி பிளாப்பி நம்ம புரோகிராம் மேலயே ஏறி, எல்லாம் அழிஞ்சுபோச்சு."

பதினான்கு மாத உழைப்பு. முந்தைய நகல் ஐப்பசி மழையில் பூஞ்சணம் பிடித்து, படிக்க முடியாமல் கிடந்தது. டெல்லியிலிருந்து ஆய்வுக்குழு வர இருபது நாள். அவர்கள் திருப்தி இல்லாமல் திரும்பினால் நிலையத்தை மூடிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் புரோகிராமில் பாதிக்கு மேல் எழுதியவன் ராஜாக்கண்ணு. கெட்டிக்காரன், திரௌபதியைவிடவே கெட்டிக்காரன். அது இருவருக்கும் தெரியும்.

"மொதல்ல இவங்களை பஸ் ஏத்தி அனுப்புங்க மேடம். இல்லைன்னா நான் போறேன். பம்பாய்ல வேலை ரெடியா இருக்கு" என்றான்.

திரௌபதிக்கும் கோபம் வந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கத்தியிருக்கலாம். ஆனால் நகல் எடுக்கச் சொன்னதே அவள்தான். சொன்னதைச் செய்ததற்காகவா அந்தப் பெண்ணைத் துரத்துவது?

நேராகப் போய் ஜீப்பில் ஏறினாள். ஆலங்காயம் தபால் ஆபீசிலிருந்து இயக்குநருக்கு டிரங்க் கால் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"யார் பண்ணது? பேர் சொல்லுங்க" என்றார் அவர்.

"ஒரே ஒரு நல்ல நகலை வச்சிக்கிட்டு வேலை செய்ய விட்டது நான்தான் சார். என் பேரை எழுதிக்கங்க."

அதற்கு மேல் அவர் பேர் கேட்கவில்லை. "இருபது நாள்ல முடியுமா?"

"முழுசா முடியாது. தேவையானது முடியும். சனிக்கிழமை தோறும் தந்தி கொடுக்கிறேன். நல்லதோ கெட்டதோ, உள்ளது உள்ளபடி வரும். நடுவுல எங்களை விட்டுடுங்க சார்."

மலையேறித் திரும்பி வந்ததும் ராஜாக்கண்ணுவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"போறதுன்னா போங்க, தடுக்க மாட்டேன். ரஞ்சிதம் இங்கதான் இருப்பாங்க. ஆனா ஒண்ணு. சூரியன் இருக்கிற இடத்தைக் கணக்குப் போடற பகுதியை என்னால எழுத முடியாது. உங்களால முடியும். கிளம்பறதுக்கு முன்னாடி அதை அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போங்க."

அவன் வேண்டாவெறுப்பாகக் கரும்பலகைக்குப் போனான். சொல்லிக்கொண்டே வந்தவனை ரஞ்சிதம் நடுவில் நிறுத்தி, "இந்த வரி எதுக்குங்க? கீழ இருக்கிறதே போதுமே?" என்றாள். அவன் அந்த வரியை மறுபடி படித்தான். நிஜமாகவே தேவையில்லை. பதினான்கு மாதமாக அவன் கண்ணில் படாத வரி. மூன்று மணி பஸ் ஹார்ன் அடித்துவிட்டு இறங்கிப் போனது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பழைய புரோகிராம் பதினொரு வேலை செய்தது. திரௌபதி அதில் எட்டை வேண்டாமென்று விட்டாள். சூரியனைக் கண்டுபிடிக்க வேண்டும். பிடித்ததை விடாமல் நிறுத்த வேண்டும். கரண்ட் போய் வந்தால் மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான். தினமும் மதியம் இரண்டு நகல். ஒன்று ஈரம் படாமல் சமையலறை அரிசி டப்பாவுக்குள். மாலை ஆறுக்கு மேல் யாரும் கம்ப்யூட்டர் முன் உட்காரக் கூடாது. ராஜாக்கண்ணு முணுமுணுத்தான். "தூங்காத கண்ணு போடற தப்பைத் தேடவே மறுநாள் போயிடும்" என்று திரௌபதி விளக்கை அணைத்துவிட்டாள்.

பத்தாம் நாள் புரோகிராம் ஓடியது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே சூரியன் திடீரென்று பலகையில் ஒரு விரல்கடை துள்ளி, மெல்லத் திரும்பி வந்தது. கணக்கில் தப்பு என்றாள் ரஞ்சிதம். மோட்டார் பகுதியில் தப்பு என்றான் ராஜாக்கண்ணு. அது திரௌபதி எழுதியது. இரண்டு நாள் ஒவ்வொரு வரியாகத் தேடினார்கள். சனிக்கிழமைத் தந்தியில், 'ஓடுகிறது, துள்ளுகிறது, காரணம் தெரியவில்லை' என்று உள்ளபடியே எழுதி அனுப்பினாள்.

காசி அந்த மலைக்காரர். தன் கொல்லையில் சாமை விதைப்பது போக, நிலையத்தில் கண்ணாடி துடைக்கும் வேலையும் பார்த்தார். புளி உலுக்கிவிட்டு வந்தவர் இருட்டறை வாசலிலேயே தயங்கி நிற்பதைத் திரௌபதி கவனித்தாள்.

"ஏதோ சொல்ல வர்றீங்க போல. உள்ள வாங்க."

"எனக்கு இன்னாம்மா தெரியும்? மூணு நாளா பாக்கறேன். கெணத்து மோட்டார் போட்டா சூரியன் துள்ளுது."

ராஜாக்கண்ணு சிரிக்கப் போனான். திரௌபதி சிரிக்கவில்லை. "போய்ப் போடுங்க" என்றாள்.

கிணற்றடியில் மோட்டார் உறுமியது. சூரியன் துள்ளியது. நிறுத்திப் போடச் சொன்னாள். மறுபடியும் துள்ளியது.

யாருடைய வரியிலும் தப்பில்லை! கிணற்று மோட்டார் கரண்டை இழுக்கும்போது, சூரியனின் விளிம்பைப் பார்க்கும் உணரி ஒரு நொடி பொய் சொல்கிறது. புரோகிராம் அதை நம்பிக் கண்ணாடியைத் திருப்பிவிடுகிறது.

"ஒரு தடவை கேட்டு நம்பாம மூணு தடவை கேட்கலாம். நடுவுல இருக்கிறதை எடுத்துக்கலாம்" என்றாள் ரஞ்சிதம்.

"நாலே வரி" என்றான் ராஜாக்கண்ணு. நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். "நீங்களே எழுதுங்க."

இருபதாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, டெல்லியிலிருந்து வந்த நான்கு பேரும் இயக்குநரும் பார்த்துக்கொண்டிருக்க, காசி பென்சிலால் பலகைச் சூரியனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பத்து மணிக்கு விளிம்பு கோட்டிலேயே நின்றது. பதினொன்றுக்கும் அப்படியே. பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது. வெளியே சூரியன் நகர, உள்ளே வெளிச்சம் பலகையை விட்டு வழிந்து மறைந்தது. இயக்குநர் திரௌபதியைப் பார்த்தார். அவள், "சாப்பிட்டு வந்துடலாம் சார்" என்றாள்.

சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும் கரண்ட் வந்தது. யாரும் எதையும் தொடவில்லை. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டது புரோகிராம். வெளியே கண்ணாடி முனகித் திரும்பியது. ஒன்றரை நிமிஷத்தில் பலகையின் ஓரத்தில் மஞ்சள் கீற்று எட்டிப் பார்த்தது, வளர்ந்தது, நகர்ந்து வந்து பென்சில் வட்டத்துக்குள் சரியாக உட்கார்ந்தது.

டெல்லிக்காரர்களில் பெரியவர் முதலில் கை தட்டினார். பிறகு அறையே தட்டியது. நான்கு மணிக்கும் சூரியன் கோட்டைத் தாண்டவில்லை.

"துள்ளலை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று பெரியவர் திரௌபதியிடம் கேட்டார்.

"நாங்க கண்டுபிடிக்கலை சார். அவர் கண்டுபிடிச்சார், இவங்க சரி பண்ணாங்க" என்று காசியையும் ரஞ்சிதத்தையும் முன்னால் அழைத்தாள். "கணக்குப் பகுதி முழுக்க ராஜாக்கண்ணு."

இன்னும் ஐந்து வருஷத்துக்கு நிலையம் நடக்கும் என்று அங்கேயே சொல்லிவிட்டுத்தான் அவர்கள் ஜீப் ஏறினார்கள். ஜீப் வளைவில் மறைந்ததுதான் தாமதம், ரஞ்சிதம் விரலை வாயில் வைத்து மலையே கேட்கும்படி ஒரு விசில் அடித்தாள். ராஜாக்கண்ணு திகைத்து, பிறகு தானும் அடிக்கப் பார்த்தான்; காற்றுதான் வந்தது. காசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திரௌபதி செருப்பைக் கழற்றிவிட்டு, வெயிலில் காய்ந்த மேடைமேல் காலை நீட்டி உட்கார்ந்து, "இன்னொரு தடவை அடி ரஞ்சிதம்" என்றாள்.