நகல் யாருக்குப் போகிறது

வீட்டிலிருந்தபடியே காதைச் சோதித்துக்கொள்ள உதவும் இணையப் பக்கம் ஒன்றை அனுராதாதான் கட்டினாள். பாலிகஞ்சில் ஒரு சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். முடிவில் காதின் நிலை, பெயர், போன் நம்பரோடு ஒரு கோப்பு தயாராகும். டவுன்லோட் செய்துகொள்ளச் சொல்லிப் பக்கமே கேட்கும். 'உங்கள் விவரம் உங்கள் கணினியை விட்டு எங்கும் போகாது' என்று அதன் கீழே எழுதியவளும் அவள்தான். அது நிஜமாக இருக்க வேண்டுமென்று மெனக்கெட்டிருந்தாள்.

லேக் கார்டன்ஸில் அவள் குடியிருந்த வீட்டின் மாடியில் இருப்பவள் மித்ரா காகிமா; வங்காளத்தில் சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட டீச்சர். காது மந்தமாகிறது என்பதை அனுராதாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அனுராதாவே அவளை உட்காரவைத்துச் சோதித்து, டாக்டரிடம் காட்டக் கோப்பை இறக்கிக் கொடுத்தாள்.

சில நாளில் காகிமாவுக்கு ஒரு போன். இடது காது மோசமாகிவிட்டதே, கருவி வாங்குகிறீர்களா என்று எவனோ குழைந்தானாம். புருஷனுக்கே தெரியாதது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று காகிமா கேட்டபோது அனுராதாவுக்கு முகம் சுட்டது.

மறுநாள் ஆபீஸில் பக்கத்தை இயக்கும் நிரலைத் திறந்து பார்த்தாள். அவளுக்குத் தெரியாமல் நாலைந்து வரிகள் நுழைந்திருந்தன. டவுன்லோட் பொத்தானை அழுத்தினால், ஒரு நகல் காதுக்கருவி விற்பவர்களுக்கும் போகும்.

மேலாளர் வெங்கடராமன் மறுக்கவில்லை. "எல்லாரும் பண்றதுதானே? கீழ இருக்கற வரியை யாரும்மா படிக்கறாங்க?"

"எங்க மாடி வீட்டு காகிமா படிச்சாங்க சார். நிஜம்தானான்னு என்னைக் கேட்டுட்டுத்தான் அழுத்தினாங்க."

அவ்வளவு உறுத்தினால் அந்த வரியை மாற்றிக்கொள் என்று சொல்லிவிட்டு அவர் மானிட்டர் பக்கம் திரும்பிவிட்டார்.

அனுராதா மாற்றினாள். 'இதை அழுத்தினால் உங்கள் பெயரும் நம்பரும் காதின் நிலையும் காதுக்கருவி விற்பவர்களுக்குப் போகும்' என்று வங்காளத்திலும் ஆங்கிலத்திலும், பொத்தானைவிடப் பெரிய எழுத்தில் போட்டாள். சாயங்காலத்துக்குள் டவுன்லோட் நின்றேபோனது. பக்கத்தைப் படம்பிடித்து ஜனங்கள் ஒருவருக்கொருவர் அனுப்பத் தொடங்கினார்கள்.

வெங்கடராமன் அவள் மேஜைக்கே வந்து, பழைய வரியை உடனே போடச் சொன்னார்.

"முதல்ல நகல் போறதை நிறுத்துங்க. அப்புறம் போடறேன்."

படம் ஊரெல்லாம் பரவிவிட்டதால், வேறு வழியில்லாமல் நகல் அனுப்பும் அந்த வரிகளை எடுத்தார்கள். பழைய வாக்கியத்தை அவள் திரும்பப் போட்டாள். அதோடு விடவில்லை. முன்னால் டவுன்லோட் செய்தவர்களின் விவரம் அவர்களைக் கேட்காமல் வெளியே போயிருக்கிறது, விளக்கம் வேண்டுவோர் கூப்பிடலாம் என்று ஆபீஸ் நம்பரையும் சேர்த்தாள். மறுநாளே வேலையை விட்டு அனுப்பினார்கள்.

மேஜையைக் காலி செய்யும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. போன நகல்களை அழிக்கச் சொல்லி விற்பவர்களுக்கு அவள் எழுதியதற்கு ஒருவரும் பதில் போடவில்லை. மித்ரா காகிமாவுக்கு இப்போது வேறு வேறு நம்பர்களிலிருந்து போன் வருகிறது.