மூன்றாவது ராடு

பரசுராமனுக்கு இஞ்சின் என்றால் பயம் கிடையாது. வாலாஜாபாத்தில் அவருடைய நெல் மில்லை ஓட்டிய ஆயில் இஞ்சினைப் பதினாறு வருஷமாக அவரே பிரித்து அவரே பூட்டி வந்தார். ஆள் உயரச் சக்கரமும் தண்ணீர்த் தொட்டியுமாக ஒரு கொட்டகையையே அடைத்துக்கொண்டு நின்ற அந்த இஞ்சின் கொஞ்சம் முனகினாலும், எந்த இடத்தில் வலிக்கிறது என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். அதனால் 1968 சித்திரைக் கடைசியில், வயதான ஒரு டாக்டரிடமிருந்து வாங்கிய கருப்புக் கார் நீலப் புகை கக்க ஆரம்பித்து, உள்ளேயிருந்து 'டொக் டொக்' என்று தட்டவும் தொடங்கியபோது அவர் பெரிதாகக் கலங்கவில்லை.

இருந்தாலும் தம்பி வேலாயுதம் கேட்டுக்கொண்டதற்காக, இரட்டை மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தோணியின் ஷெட்டுக்குக் காரைக் கொண்டுபோனார். அந்தோணி கோணியை விரித்து, மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் போய், கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தான்.

"கிராங்க் தேஞ்சிருக்குது சார். உருண்டையா இருக்க வேண்டியது முட்டை மாதிரி ஆயிருக்கும். இஞ்சினை மொத்தமா எறக்கணும். கிராங்கை மெட்ராஸுக்கு அனுப்பிக் கடைசல் புடிச்சு, அந்த அளவுக்குப் புது பேரிங் போடணும். மூணு வாரம் ஆவும். அதுவரைக்கும் ஓட்டாதீங்க."

இதில் தப்பாக ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் பரசுராமனின் காதில் தங்கியது 'சார்' மட்டும்தான். அந்தோணியின் அப்பா கலியன் திருப்புட்குழியில் பரசுராமன் குடும்பத்து நிலத்தில் ஏர் ஓட்டியவர். 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவார். கூப்பிடும்போதே தோள்துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். அவர் மகன் ராணுவத்தில் ஒன்பது வருஷம் வண்டிகளைப் பழுது பார்த்துவிட்டு வந்து, காக்கி டிரவுசரோடு கண்ணுக்கு நேராக நின்று, ஓட்டாதீங்க என்கிறான். பரசுராமன் தன்னை இதையெல்லாம் பார்க்கிற மனிதராக நினைத்துக்கொண்டதில்லை. மேடையில் ஏறி, எல்லோரும் சமம் என்று பேசியவர்தான். ஆனாலும் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தை நெருஞ்சி முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது.

"மூணு வாரமாம்," என்றார் தம்பியிடம். "ஊர்ல இல்லாத இஞ்சின் பாரு. மில்லு இஞ்சின்ல கால்வாசி இருக்குமா இது? நானே பிரிச்சுப் பூட்டறேன்."

"எதுக்குண்ணா வம்பு? காந்தாவை நான் பஸ்ஸுலயே கூட்டிக்கினு வந்துடறேன்."

"கைக்கொழந்தையை வெச்சுக்கினு பஸ்ஸுலயா? நல்லா இருக்குதுபா."

வேலாயுதத்தின் மனைவி காந்தா தலைப்பிரசவத்துக்காக ஆற்காட்டில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை. வைகாசி இருபதாம் தேதி காலையில் புறப்பட்டுப் போய்த் தாயையும் பிள்ளையையும் அழைத்து வருவதென்று நாள் குறித்தாகிவிட்டது. அப்பா செத்தபோது வேலாயுதத்துக்கு எட்டு வயது. அவனைப் படிக்க வைத்ததும், கல்யாணம் செய்து வைத்ததும் பரசுராமன்தான். அவன் பெண்டாட்டி பிள்ளையைக் காரில் கொண்டுவந்து இறக்குவது தன் கடமை என்று நினைத்தார். அதனால் அந்தோணியின் மூன்று வாரத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று.

வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் கீற்றுப் பந்தல் போட்டு வேலையை ஆரம்பித்தார். முதல் நாள் எல்லாம் நன்றாகவே நடந்தது. இஞ்சினைக் கீழே இறக்கவில்லை. மேல்மூடியையும் அடியில் இருந்த எண்ணெய்த் தொட்டியையும் மட்டும் கழற்றினார். நான்கு பிஸ்டன்களையும் வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக வைத்தார். மெட்ராஸிலிருந்து புது வளையங்களும் பேரிங் தகடுகளும் வரவழைத்தார். பிஸ்டனை, அதன் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கோடு சேர்ப்பது ராடு. அதன் அடிமுனை கிராங்கைக் கட்டிப்பிடித்துக்கொள்ள ஒரு மூடி உண்டு. மூடிக்கும் கிராங்குக்கும் நடுவே மெல்லிய பேரிங் தகடு உட்காரும். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்று ராடும் ஒருவாறு உட்கார்ந்தன. மூன்றாவது ராடு மட்டும் புதுத் தகடு போட்ட பிறகும் லொடக் லொடக்கென்று ஆடியது. கிராங்கின் தேய்மானமெல்லாம் அந்த இடத்தில்தான் இருந்தது.

மில் இஞ்சினில் இப்படி ஆட்டம் கண்டால் அவருக்கு வழி தெரியும். மூடியின் இரண்டு முகத்தையும் அரத்தால் மயிரிழை ராவிவிட்டால் மூடி கொஞ்சம் மேலே ஏறி இறுக்கிக்கொள்ளும். எத்தனையோ தடவை செய்திருக்கிறார். அரத்தைக் கையில் எடுத்தார். மில் இஞ்சின் நிமிஷத்துக்கு முன்னூறு சுற்று சுற்றும். இந்த இஞ்சின் நாலாயிரம் சுற்றும். டாக்டர் காரோடு கொடுத்த சின்னப் புத்தகத்தில் அவர் படித்த எண் அது. அரத்தை மூடியின் மேல் வைத்த நேரத்தில் அந்த எண் அவர் நினைவுக்கு வந்தது.

அடுத்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தறி சாப்பாட்டு வேளைக்காக நின்றது. சட்டென்று தெருவே ஓய்ந்துபோனது. அந்த நிசப்தத்தில் அரம் இரும்பைத் தின்னும் சத்தம் அவருக்கே கூச்சமாக இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் ராவினார்.

பூட்டி இறுக்கியதும் ஆட்டம் போய்விட்டது. ஆனால் கிராங்கைக் கையால் சுற்ற முடியவில்லை. கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி, காலை ஊன்றித் தம் பிடித்துத்தான் ஒரு சுற்று சுற்ற முடிந்தது. மூன்றாவது ராடு வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று உள்ளேயிருந்து பிடித்து இழுப்பதுபோல நின்று நின்று வந்தது. ஓட ஓட இளகிவிடும் என்று சொல்லிக்கொண்டார்.

கார் கிளம்பியது. புகை இல்லை, தட்டும் சத்தம் இல்லை. அவர் மனைவி லோகாம்பாள் கற்பூரம் ஏற்றிச் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். வேலாயுதத்துக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனை முன்சீட்டில் உட்கார வைத்து ஊரைச் சுற்றியவன், நேராகக் கொண்டுபோய் அந்தோணியின் ஷெட்டில் நிறுத்தினான்.

"காதைக் குடுத்துக் கேளுப்பா," என்றான். "அண்ணன் நாலே நாள்ல முடிச்சுட்டாரு."

அந்தோணி நீளத் திருப்புளி ஒன்றை எடுத்து, நுனியை இஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டான். இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டான். அவன் முகம் தெளியவில்லை.

"கிராங்கைக் கடைசலுக்கு அனுப்பினீங்களா சார்?"

"இல்ல. புது தகடு போட்டேன்."

"அப்ப சத்தம் கொறையும், நிக்காது. இது சுத்தமா நின்னுருக்குது. அதான் பயமா இருக்குது." கொஞ்சம் தயங்கினான். "மூடில அரம் போட்டீங்களா?"

பரசுராமன் கார்க் கதவைத் திறந்து உட்காரப் போனார்.

"கொறை சொல்றதுக்குக் கேக்கல சார். ராவியிருந்தா சொல்லிடுங்க. தூரமா போய் சூடு ஏறுச்சுன்னா அந்த எடம் கவ்விக்கும். தகடு உருகி ராடு ஒடைஞ்சிடும். ஓடற ஓட்டத்துல பின்சக்கரம் ரெண்டும் அப்படியே நின்னுடும்."

"ராவல," என்றார் பரசுராமன்.

"எங்கண்ணன் சொன்னா சொன்னதுதான் அந்தோணி," என்று வேலாயுதம் சிரித்தான்.

அந்தோணி திருப்புளியைத் துணியால் துடைத்தான். வெகு நேரம் துடைத்தான். "அப்ப சரி," என்றான்.

அன்றிலிருந்து வைகாசி இருபது வரை ஒன்பது நாள். தினமும் வேலாயுதம் காரை எடுத்துக்கொண்டு நாலு தெரு சுற்றி வந்தான். கார் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. பரசுராமன் மட்டும் அது வீடு திரும்பும் சத்தம் கேட்கிறவரை சோற்றில் கை வைக்காமல் இருந்தார். ஒரு நாள் மூடியை மறுபடி கழற்றிப் பார்த்துவிடலாமென்று பந்தலுக்குள் போனார். எதற்குக் கழற்றுகிறாய் என்று தம்பி கேட்பான், லோகாம்பாள் கேட்பாள், விஷயம் அந்தோணி காதுக்குப் போகும். திரும்பி வந்துவிட்டார்.

இருபதாம் தேதி காலை மில்லுக்கு நெல் லாரிகள் வருவதாக இருந்ததால் அவரால் போக முடியவில்லை. வேலாயுதம் தனியாகக் கிளம்பினான். புதுச் சட்டை, நெற்றியில் குங்குமம். பின்சீட்டில் குழந்தைக்கென்று வாங்கிய தொட்டில் துணி.

"முப்பது மைலுக்கு மேல வெரட்டாத."

"சரிண்ணா."

கார் நகர்ந்தது. "வேலா!" என்று கூப்பிட்டார். நிறுத்தினான். அவர் நடந்துபோய் ஜன்னலில் கை வைத்தார்.

"இன்னாண்ணா?"

"தண்ணி பாத்துக்கோ," என்றார்.

மில்லுக்குப் போனார். இஞ்சின் கொட்டகைக்கு எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். ஒன்பதேகாலுக்குப் பாலுசெட்டி சத்திரம் தாண்டியிருப்பான். பத்துக்குள் காவேரிப்பாக்கம். எதிரே பெரிய இஞ்சின் நிதானமாகத் தம் தம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. வெயில் ஏற ஏற, அந்தக் காருக்குள் சூடு ஏறுவதைத் தன் உடம்பிலேயே உணர்வதுபோல இருந்தது. லாரிக்காரர்கள் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். ஆற்காடு போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்லியிருந்தார். பத்தரைக்கு வரவேண்டிய போன் பதினொன்றுக்கும் வரவில்லை. பதினொன்றேகாலுக்கு மணி அடித்தது. எடுத்தார். அவருக்குப் பழக்கமில்லாத குரல்.

"காவேரிப்பாக்கம் ஸ்டேஷன்லேருந்து பேசறோம். கருப்புக் கார் உங்களுதுங்களா?"

கார் ஓடும்போதே பின்சக்கரங்கள் நின்று, இழுத்துக்கொண்டே போய்ச் சாலையோரப் புளியமரத்தில் மோதியிருந்தது. வேலாயுதத்தின் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். இடது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் அந்த இஞ்சின் தாங்கியிருந்தால், திரும்பி வரும்போது பின்சீட்டில் காந்தாவும் குழந்தையும் இருந்திருப்பார்கள். வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் பரசுராமன் இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தார்.

வந்து பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். திருஷ்டி என்றார்கள். அந்தப் புளியமரம் பொல்லாதது என்றார்கள். வேகமாகப் போயிருப்பான் என்றுகூட ஒருவர் சொன்னார். அதையும் பரசுராமன் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்.

எட்டாம் நாள் அந்தோணி ஆள் அனுப்பினான். காரை லாரியில் கட்டி இழுத்து வந்து ஷெட்டின் பின்பக்கம் நிறுத்தியிருந்தான். இஞ்சினின் பக்கவாட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. தரையில் கோணியின்மேல் இரண்டாக முறிந்த ராடும் அதன் மூடியும் கிடந்தன. மற்றதெல்லாம் எரிந்து கருத்திருக்க, மூடியின் முகத்தில் அரத்தின் கீறல்கள் தெளிவாகத் தெரிந்தன.

"இன்ஸ்பெக்டர் வந்து கேட்டாரு," என்றான் அந்தோணி. "ராடு ஒடைஞ்சுதுன்னு சொன்னேன். ஏன் ஒடைஞ்சுதுன்னு அவரு கேக்கல."

பரசுராமன் குனிந்து மூடியின் கீறல்களை விரலால் தடவினார்.

"அன்னிக்கு நீங்க ராவலன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும் சார். சாவியைப் புடுங்கி வெச்சிருக்கணும். உங்க சாவியை நான் எப்படிப் புடுங்கறது?"

மூடியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கங்க என்றான். அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினார்.

வேலாயுதம் விழித்துக்கொண்டிருந்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அண்ணனைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்ணா. யார்கிட்டயும் சொல்லல. ஓச்சேரி தாண்டினதுமே சத்தம் வந்துது. டொக்கு டொக்குனு. நிறுத்திடலாமான்னு பாத்தேன். அண்ணன் பூட்டின இஞ்சின், அதுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு ஓட்டிக்கினே போயிட்டேன். தப்பு என்னுதுதாண்ணா. காரையும் ஒடைச்சுட்டேன்."

பரசுராமன் துண்டைப் பிரித்தார். மூடியைக் கட்டில் விளிம்பில் வைத்தார்.

"நான்தான் இதை ராவினேன் வேலா. அந்தோணி கேட்டப்போ பொய் சொன்னேன். நீ கெளம்பறப்போ சொல்ல வந்தேன். சொல்லல."

வேலாயுதம் மூடியைத் தொடவில்லை. அதிலிருந்த அரத்தின் கீறல்களை மட்டும் பார்த்தான்.

"அந்தோணி கேட்டப்போ நானும் அங்கதான நின்னுக்கினு இருந்தேன்," என்றான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "காந்தாகிட்ட நீயே போய் சொல்லிடு."

காந்தா கீழே குழாயடியில் டிபன் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துணி விரித்துக் குழந்தையைப் போட்டிருந்தாள். அது சிணுங்கவும், "கொஞ்சம் தூக்கிக்கங்க மாமா," என்றாள். பரசுராமன் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். அதன் சூடு கழுத்தில் பட்டது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அரம், அந்தோணி, பொய், ஜன்னலில் கை வைத்தது வரை ஒன்றையும் விடவில்லை.

அவள் கை நின்றுவிட்டது. தண்ணீர் பாத்திரத்தில் கொட்டி வழிந்தது.

"எட்டு நாளா நீங்க வாங்கியாந்த காப்பியைக் குடிச்சுக்கினு இருந்தேன் மாமா," என்றாள். "நீங்க மட்டும் இல்லன்னா இன்னா ஆவறதுன்னு எங்கம்மாகிட்ட சொல்லிக்கினு இருந்தேன்."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவர் தோளிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்காமலே மாடிப்படி ஏறிப் போனாள். கேரியரின் அடுக்குகள் குழாய்க்கடியில் அப்படியே கிடந்தன. பரசுராமன் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்கினார்.