கருப்புக்குத் திரும்பாத பெயர்

சூப்பர்வைசரின் பெயர் சிவந்தபோது அவள் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆபீஸ் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின்களின் இரைச்சல் சற்றே தொய்ந்து, பிறகு வேண்டுமென்றே வேகம் பிடித்தது. சிரிப்பை மறைக்க மிதியை அழுத்துகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். சட்டைத் தொழிற்சாலையின் சுவரில் தொங்கும் பெரிய டிவியில் ஓடுவது அவள் தயாரிக்கும் எக்செல் ஷீட். யார் தைத்ததில் எத்தனை சட்டை தவறென்று கழிக்கப்பட்டது என்பது அதில் வந்துகொண்டே இருக்கும். அளவு தாண்டினால் அவள் எழுதிய மேக்ரோ, தானாக ஓடும் சின்னக் கட்டளை, அந்தப் பெயரின் எழுத்துகளைச் சிவப்பாக்கும். சூப்பர்வைசர்களின் பெயர்களையும் அதில் சேர்க்கலாமே என்று மேனேஜரிடம் பணிவாகச் சொன்னதும் அவள்தான்.

முதலில் அந்த மேக்ரோவில் இரண்டு வரிகள் இருந்தன. அளவு தாண்டினால் சிவப்பு. இல்லாவிட்டால் கருப்பு. ஒருநாள் சூப்பர்வைசர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "ஒருதடவ செவந்தா சாயங்காலம்வரைக்கும் அப்படியே கெடக்கட்டும் மேடம். அப்பத்தான் பயம் இருக்கும்." அவள் இரண்டாவது வரியை அழிக்கவில்லை. அதன் முன்னால் ஒற்றைக் குறி ஒன்றைப் போட்டாள். வரி பச்சையாக மாறியது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் அதைப் படிக்காமல் தாண்டிப் போகும்.

சில நாளில், அதே ஃப்ளோரில் டெய்லராக இருந்த அவள் தங்கையின் பெயர் சிவந்தது. வெட்டும் மேசையில் கோணலாக வெட்டிய காலர் கட்டு முழுவதையும் தங்கையின் கணக்கில் ஏற்றியிருந்தார்கள். மதியத்துக்குள் தவறு தெரிந்து எண்ணைத் திருத்திவிட்டார்கள். எண் இறங்கியது. பெயர் இறங்கவில்லை. அன்று சட்டை வாங்கும் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வந்திருந்தார்கள். சூப்பர்வைசர் தங்கையை எழுப்பி டிவிக்குக் கீழே நிறுத்தினார். "இவங்கதான் நம்ம ஃப்ளோருக்கு சிக்னல். இவங்களப் பாத்தா எல்லாம் நின்னுரும்." அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அதன்பின் தங்கையைக் கடந்து போகிறவர்கள் எல்லாரும், "சிக்னல், போலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். ஒருநாள் தங்கை பாதிச் சட்டையை மிஷினிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தட்டை அறை வாசலில் வைத்தால் எப்போதோ எடுப்பாள், பாதி வைத்துவிடுவாள். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா பல நாள் அந்தப் பச்சை வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபம் கொதித்து அடங்கி, கையில் எடுக்கக்கூடிய சூட்டுக்கு வந்தபிறகு ஒற்றைக் குறியை நீக்கினாள். டெய்லர்களின் பெயர்கள் இனி கருப்புக்குத் திரும்பும். ஒரே ஒரு பெயருக்கு மட்டும் தனியாக ஒரு நிபந்தனை எழுதினாள். அளவைப் பாதியாக்கினாள். திரும்பி வரும் வழியை வைக்கவில்லை.

பெயர் சிவந்து கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"மேடம், எண்ணிக்கை சரியாயிருச்சே. எம்பேரு மட்டும் இன்னும் செவப்பாவே நிக்குது."

"ஒருதடவ செவந்தா சாயங்காலம்வரைக்கும் அப்படித்தான் சார். நீங்க சொன்னதுதானே."

"அது டெய்லருங்களுக்கு."

"யாரு டெய்லர், யாரு சாருன்னு கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்?"

அதற்கு நன்றாகவே தெரியும். அவர் பெயரை எழுத்துப் பிசகாமல் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். திறந்திருந்த கதவு வழியாகப் பட்டன் தைக்கிறவளின் குரல் வந்தது. "சார், சிக்னல் விழுந்துருச்சா? நாங்கல்லாம் நிக்கணுமா, போலாமா?" ஃப்ளோர் முழுக்கச் சிரித்தது. அவர் காதுமடல் வரைக்கும் இரத்தம் ஏறியதை அவள் அவசரமில்லாமல் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தட்டை வாசலில் வைக்காமல் சோற்றுப் பாத்திரத்தோடு அறைக்குள்ளேயே எடுத்துப் போனாள். தரையில் உட்கார்ந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவளின் முதுகிடம் நடந்ததைச் சொன்னாள். முதுகு மெல்லத் திரும்பியது. பிறகு தங்கை எழுந்து உட்கார்ந்தாள்.

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"தொங்கிப்போச்சு."

"யாரு சிரிச்சா?"

"எல்லாருந்தான்."

"அன்னைக்கும் அவங்கதான சிரிச்சாங்க."

அக்கா தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். தங்கை தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சோற்றைப் பிசைந்தாள். ஒரு வாய் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்கியபின் சொன்னாள், "பட்டன் தைக்கிற அக்கா பேரச் செவப்புல போடு."

"அவங்க பாவம்டி. தனியா நின்னு ரெண்டு புள்ளைங்களக் காப்பாத்துறாங்க. தெனமும் உன்னைய விசாரிக்கிறாங்க."

"வழியில நிறுத்தி, போலாமான்னு மொதல்ல கேட்டது அவங்கதான்." இன்னொரு வாய். "காஜா மிஷின் நெட்டை. அவனும்."

"அவங்க மேல தப்பே வரலைன்னா எப்படிடி போட முடியும்?"

"எம்மேல வந்துச்சா?"

தெருவில் ஏதோ வண்டி நின்று, திரும்பிப் போயிற்று. தங்கை நிதானமாகச் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு ஆளைச் சொன்னாள். அயர்ன் பண்ணுகிறவர். மூட்டை கட்டுகிற அண்ணன். பக்கத்து மிஷின்காரி. வெளிறிக் கிடந்த முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் அக்கா ஏங்கியது இந்த முகத்துக்குத்தான். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தட்டு காலியானது. தங்கை அதை அக்காவின் முன்னால் நீட்டினாள், அடுத்த ஆளைச் சொல்லிக்கொண்டே.