திருப்பிப் போட்ட கட்டில்

பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் அந்த லாட்ஜுக்கு வயது நாற்பத்திரண்டு. பார்த்தால் சத்தியமாகச் சொல்ல மாட்டீர்கள். இந்த ஊர் உப்புத்தண்ணிக்கு எந்தக் குழாயும் ஆறே மாதத்தில் வெள்ளை பூத்துவிடும். இங்கேயோ குழாயில் முகம் பார்த்துத் தலை சீவலாம். எல்லாம் குப்புராஜ் வேலை. வாரம் தவறாமல் புளி போட்டுத் தேய்த்துவிடுவார். ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் காட்சி எதுவும் இல்லை, மாடிப்படிக்குக் கீழே ஒரு பாய். லாட்ஜை விட்டால் மனுஷனுக்கு வேறு நாதி கிடையாது.

முதலாளி மகன் பிரபாகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். "ஆளே வரலீங்களே குப்புராஜண்ணா. தர்மபுரி போனா ஏசி ரூம் கெடைக்குது, இங்க யாரு தங்குவாங்க? இந்த மாசமும் இப்படியே போனா, மாசக் கடைசில பூட்டிரலாம்."

குப்புராஜுக்கு இருந்த ஒரே நம்பிக்கை திருமால் சார். விதைக் கம்பெனி ஆள். பத்தொன்பது வருஷமாக மாதம் ஒருமுறை ரயிலில் வந்து இறங்கி, நாலாம் நம்பரில் தங்கி, கடத்தூர்ப் பக்கம் கடைகளுக்குப் போய்வருவார். முதன்முதலில் வந்த அன்று, கட்டிலின் தலைமாடு வடக்கே இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். குப்புராஜ் புரிந்துகொண்டு கட்டிலைத் திருப்பிப் போட்டார். அன்றிலிருந்து நாலாம் நம்பரில் தலைமாடு தெற்கேதான். இரண்டு தலையணை, ஒரு ஃப்ளாஸ்க் சுடுதண்ணி, பாதி திறந்த ஜன்னல்.

அப்பேர்ப்பட்டவர் எட்டு மாதமாக எட்டிப் பார்க்கவில்லை. அவர் ஒருத்தர் வந்துவிட்டால் போதும், 'பாருங்க, நம்ம ஆளுங்க நம்மள விட மாட்டாங்க' என்று பிரபாகரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். அதற்காகவே நாலாம் நம்பர் விரிப்பைத் தினம் மாற்றினார். யாரும் படுக்காத விரிப்பைத் துவைத்துக் காயப்போடுவது என்ன பிழைப்போ!

புதன்கிழமை மத்தியானம் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கினாள்.

"நாலாம் நம்பர் காலியா இருக்குங்களா? நான் ஜெயபிரியா, திருமாலோட பொண்ணுங்க." சொல்லிக்கொண்டே பின்கதவைத் திறந்து அப்பாவைக் கைப்பிடித்து இறக்கினாள். பாதியாக இளைத்திருந்தார்.

குப்புராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. "வாங்க சார், வாங்க. ரூம் அப்படியே இருக்குதுங்க."

திருமாலுக்கு யாரும் வழி காட்டவில்லை. தானாகப் படியேறி நேரே நாலாம் நம்பருக்குப் போனார். ஃப்ளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்தார், படுத்தார், ரெண்டே நிமிஷத்தில் குறட்டை விட்டார்.

ஜெயபிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மறதி நோயிங்கண்ணா. என்னையே யாருன்னு கேக்கறாரு. வூட்ல தூங்கறதே இல்ல, ரூமுக்குப் போவணும்னு பையைத் தூக்கிட்டு நிக்கறாரு. பைக்குள்ள உங்க லாட்ஜ் கார்டு இருந்துச்சு, அதை வெச்சுத்தான் வந்தோம்."

"அப்ப மாசாமாசம் கூட்டிட்டு வாங்கம்மா." சொல்லிவிட்டுக் குப்புராஜ் அவள் முகத்தையே பார்த்தார்.

"இல்லீங்கண்ணா. அடுத்த வாரம் என்கூட புனேவுக்குக் கூட்டிட்டுப் போறேன். இந்த ரூமைப் பாத்து அங்கயும் இதே மாதிரி செஞ்சிடலாம்னுதான் வந்தேன்."

கட்டில், தலையணை, ஜன்னல் என்று ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்தாள். படத்தில் தெரியாததையெல்லாம் குப்புராஜே சொன்னார், தலைமாடு தெற்கே இருக்கணும் என்பதுவரை. இனி இவருக்கு இங்கே வர என்ன இருக்கிறது? ஆனாலும் ஒன்றையும் மறைக்க மனசு வரவில்லை.

ஐந்து மணிக்குத் திருமால் எழுந்தார். முகம் தெளிந்திருந்தது. குப்புராஜ் துவைத்த துண்டோடு எதிரே போய் நின்றார். பிரபாகர், லாட்ஜ் எல்லாம் அப்போது நினைவிலேயே இல்லை. 'என்ன குப்புராஜ்' என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்றிருந்தது.

திருமால் துண்டை வாங்கிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிநேகமாகச் சிரித்தார்.

"ரூமெல்லாம் சுத்தமா வெச்சிருக்காங்க, இல்லீங்களா? நீங்க எந்த ரூமுங்க?"

குப்புராஜ் மாடிப்படிப் பக்கம் கையைக் காட்டினார். "கீழ்ரூமுங்க," என்றார்.

"ஊருக்கு எப்பக் கெளம்பறீங்க?"

"இந்த மாசக் கடைசிலங்க."