மருமகள் என்று சொன்னது

…போய் என்னவென்று சொல்லிக்கொண்டு நிற்பது, முதுநகரில் பஸ் ஏறியதிலிருந்து ஆரோக்கிய ராணிக்கு இதே யோசனைதான், முட்டி வலிக்கிறது, ஜன்னலோரம் வெயில், மகள் நித்யா போனில் அழாமல் பேசியதுதான் பயமாக இருந்தது, பவானிக்கு ஆக்சிடென்ட்டும்மா, தலையில அடி, ஐ.சி.யு.வுல இருக்கா, என்னை உள்ள வுட மாட்றாங்க, சொந்தக்காரங்க வரணுமாம்… சொந்தம் யார், பவானியின் அப்பா ராஜமாணிக்கமா, இரண்டு பெண்களும் சிதம்பரத்தில் ஒரே வீட்டில் கணவன் மனைவி போல வாழ்வது தெரிந்த அன்றே மகளைத் தலைமுழுகியவர், இப்போது போனைக்கூட எடுக்கவில்லையாம். ஆரோக்கிய ராணி மட்டும் என்ன, அப்படிப்பட்ட கல்யாணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று சுப்ரீம் கோர்ட் சொன்ன அன்று டிவி முன்னால் அப்பாடா என்றிருந்தது, திருச்சபையும் அதைத்தானே சொல்கிறது, நாங்களும் இந்த நாட்டு ஆளுங்கதானம்மா, எங்களுக்கு மட்டும் உரிமை கெடையாதா என்று நித்யா கேட்டபோது, கோர்ட்டே சொல்லிடுச்சே, இனிமேலாவது வீட்டுக்கு வா என்று போனை வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள், வடித்தாள், சாப்பிடவும் சாப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் நித்யா சுவரில் சாய்ந்து நின்றாள், கசங்கிய சுடிதார், எப்போது இவ்வளவு இளைத்தாள், கேட்பதற்குள் கதவருகே இருந்த செக்யூரிட்டிப் பெண் நிமிர்ந்து, “யாரும்மா நீங்க, பேஷண்டு ஒங்களுக்கு என்ன வேணும்?” என்றாள்.

“எம் மருமவ.”

“மாமியாரா, சரி, செருப்ப வுட்டுட்டுப் போங்க, சீக்கிரம் வந்துடணும். இந்த ஃப்ரெண்டு வெளியவே இருக்கட்டும்.”

“நான் வெளிய இருக்கேம்மா, இவள உள்ள வுடு.”

“ரூல்ஸும்மா, நான் என்னா பண்றது.” அவளும் அலுத்துப்போய்த்தான் இருந்தாள், நித்யா அம்மாவின் பையை வாங்கிக்கொண்டாள்.

உள்ளே குளிர், பவானியின் பாதி முகம் கட்டுக்குள் இருந்தது, இந்தப் பெண்ணை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லையே, நெற்றியில் சிலுவை வரையப் போன விரல் நின்றது, விபூதி பூசுகிறவள், சம்மதிப்பாளோ என்னவோ, கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். பாவசங்கீர்த்தனத்தில் சர்ச் சாமியாரிடம் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரியில் ஒரு பொய் சொன்னேன் என்று… பொய்தானா, யோசிக்காமல் வந்ததே, நாக்குகூடத் தடுமாறவில்லையே, நர்ஸ் நேரமாச்சும்மா என்கிறாள், ஆரோக்கிய ராணி இன்னும் கையை விடவில்லை.