முதற்கை நீர்

உச்சி வெயில் சற்றே சாய்ந்து, கருங்கல் பாவிய துறைமுகத் தெருக்களில் கிடங்குகளின் நிழல் நீளத் தொடங்கிய பொழுது அது. மறுநாள் விடியலில் போர்முனைக்குப் புறப்படவிருந்த பெருங்கலம், இரைக்குக் காத்திருக்கும் முதலையைப் போலக் கரையோடு ஒட்டிக் கிடந்தது. அதன் வயிற்றுள் ஏறவேண்டிய போர்ப்பரிகளோ, கரையோர நெடுங்கொட்டிலில், அயல்மண்ணின் நாற்றம் பொறாது செவி விடைத்து, குளம்பால் தரை கிளறி, விடாய் மிகுந்து நின்றன.

அக்கொட்டிலின் கல்தொட்டியில், கையுள் அடங்கும் கண்ணாடிச் சிமிழொன்றைக் கவிழ்த்துவிட்டு, நின்றவன், பரிகளுக்கு இலாடம் அடிக்கும் கொல்லன். இதைப் பருகினால் குதிரைகள் மூக்கொழுகிப் படுக்கும், கலம் நின்றுபோகும், மாந்தரை இஃது அண்டாது என்று பகைவரின் ஒற்றன் அவனிடம் தேனொழுகச் சொல்லியிருந்தான். எவர் வெல்வார், எவர் தோற்பார் என்பதில் கொல்லனுக்கு நாட்டமில்லை. அக்காளின் கணவன் அப்பரிகளின் காவலன். அவற்றோடு அவனும் கலம் ஏறவேண்டும். கலம் புறப்படும் நாள் குறித்த பொழுதிலிருந்து அக்காளின் கண்கள் உலரவில்லை. கொல்லன் அறிந்த போர் அவ்வளவே.

கற்றறிந்த நண்பரே, இச்சூழ்ச்சி புதிதன்று. பகைவர் பருகும் கிணற்றில் அழுகிய உடலம் எறிந்தோரும், கொள்ளைநோயில் மாண்டோரைக் கவண்பொறியால் மதிலுக்குள் வீசியோரும், அம்மை கண்டோர் போர்த்த கம்பளியைக் கொடைபோல் நீட்டியோரும் முன்னரே உளர். தாம் ஏவியது தம் சொற்கேட்டு எல்லையில் நிற்கும் என்றே அவர்கள் எண்ணினர்.

புதுநீர் கண்டு மிரளும் பரிகளின் முன்னே, முதற்கை நீரைத் தானே அள்ளிப் பருகிக் காட்டுவது காவலனின் வழக்கம். மாந்தரை அண்டாது என்று ஒற்றன் சொன்னாலும், அந்நீரை மாமன் பருகுவானேன் என்றன்றோ, அவன் விடைபெற இல்லம் சென்ற வேளையைக் கொல்லன் தேர்ந்தான்! ஆனால் மனையாளின் அழுகை பொறாத காவலன் பாதி உணவில் எழுந்து, செந்நிறப் பெட்டைக்குதிரை ஒன்றை அவிழ்த்துப் பிடித்தபடி, தொட்டியை நோக்கி வந்துவிட்டான்.

“என்ன மாப்ள, தொட்டிக்குக் காவலா?”

“தண்ணி கலங்கிக் கிடக்கு மாமா. வேற மொண்டு ஊத்தலாம்.”

“உங்கக்கா சமையலையே இத்தனை வருஷமா தாங்குற வயிறுடா இது. கலங்கல் என்ன செய்யும்?”

படைத்தலைவர் அழைத்தார் என்றான் கொல்லன். அவர் உறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்று நகைத்தான் காவலன். குதிரையின் கயிறு இற்றிருக்கிறது என்றான் கொல்லன். இழுத்துக் காட்டிவிட்டுக் குனிந்தான் காவலன். குவிந்த கையில் நீர் நிறைந்தது. சிமிழை நீட்டுகையில் அவ்வொற்றன் கைகளில் தடித்த தோலுறை அணிந்திருந்தது, அக்கணமே கொல்லன் நெஞ்சில் முள்ளெனத் தைத்தது. பாய்ந்து அக்கையைத் தட்டிவிட்டான்.

“குடிக்காதீங்க மாமா. நான்தான் கலந்தேன்.”

“என்னத்த?”

“குதிரைக்குச் சீக்கு வர்றத. கப்பல் நின்னா நீங்க போக வேணாம்ல.”

இடி விழுந்த மரமென நின்ற காவலனின் பிடி தளர்ந்தது. அத்தளர்வில் கழுத்து நீட்டி நீரை உறிஞ்சிய பெட்டை, தலை நிமிர்ந்து உரக்கச் சீறியது. சிதறிய நீர் காவலனின் கண்ணிலும் இதழிலும் தெறித்தது. அவன் முழங்கையால் முகத்தை மெல்லத் துடைத்தான்.

“இத முதல்லயே சொல்லியிருக்கலாமேடா.”

பின்பு தொட்டியின் அடைப்பைப் பிடுங்கி நீரை வடித்தவனும், மருத்துவரை அழைத்து யாவும் உரைத்தவனும் காவலனே. பொழுது சாய்வதற்குள் கொட்டில் அடைபட்டது. செந்நிறப் பெட்டை சுட்டுக் கொல்லப்பட்டது. கொல்லனும் காவலனும் வேலியிட்ட தனிக்குடிலில் வைக்கப்பட்டனர். கலம் புறப்படவில்லை.

சின்னாள் கழித்து, காவலனின் நெற்றி உலைக்கல்லெனக் கொதிக்க, இமை பிரியாது அவன் கிடந்த காலையில், அக்காள் வேலியருகே ஓடி வந்தாள். ஒருவரும் அவளுக்கு முழுதும் உரைத்திலர். அழுது சிவந்த முகத்தில் அன்றுதான் நகை அரும்பியிருந்தது.

“கப்பல் நின்னுடுச்சாமே! அவரு எங்கடா? நீ ஏன் அழற?”

கம்பியிடையே கை நீட்டித் தம்பியின் கன்னம் தொட முனைந்தாள். கொல்லன் பின்வாங்கினான், இம்முறை அவன் சொல்லத் தாமதிக்கவில்லை.

“தள்ளி நில்லுக்கா. எல்லாம் சொல்றேன். மொதல்ல நீ தள்ளி நில்லு.”

அவள் பின்னே நகர்ந்தாள். அன்பின் பொருட்டு ஏவினும் பகையின் பொருட்டு ஏவினும் நோய்க்கு ஒரே வழிதான். உறவு நெருங்கும் வழியே அதன் வழி.